எத்தனை நாளா இருக்கு? கொருக்குப்பேட்டை மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னை கொருக்குப்பேட்டையில் மருந்துக்கடை கவுன்டருக்குப் பின்னால் நிற்க ஆரம்பித்து 22 வருடம் ஆகிறது. நான் டாக்டர் இல்லை, பார்மசி படித்தவன். ஆனால் எங்கள் பக்கத்தில் உடம்புக்கு ஏதாவது என்றால் ஜனங்கள் முதலில் ஏறுவது மருந்துக்கடைப் படியில்தான். துறைமுகத்தில் லோடு ஏற்றுகிறவர், காசிமேட்டில் மீன் கூடை சுமக்கிறவர், மணலி கம்பெனிகளுக்குக் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவர், நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்கா, எல்லோருக்கும் ஒரே கணக்கு: ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும். அந்தக் கணக்கை நான் குறை சொல்ல மாட்டேன். என் அப்பாவும் அதே கணக்குப் போட்டவர்தான்.

அதனால் யார் வந்து எந்த மாத்திரை கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்று: "எத்தனை நாளா இருக்கு?" சில உபாதைகளை ரெண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாம். சிலவற்றுக்கு ரெண்டு மணி நேரம்கூடப் பொறுக்கக் கூடாது. எது எது என்று கவுன்டரில் கூட்டம் நிற்கும்போது விளக்க முடிவதில்லை. அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே நிதானமாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

"அண்ணா, காய்ச்சலுக்கு ஒரு செட் மாத்திரை குடுங்க." ஏன் தர மறுக்கிறீர்கள்?

செட் என்றால் என்ன என்று வாங்குகிறவர்களுக்கே தெரியாது. ஒரு பாரசிட்டமால், ஒரு ஆன்டிபயாட்டிக், ஒரு சளி மாத்திரை, ஒரு வலி மாத்திரை, சில கடைகளில் கூடவே ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. அந்தச் சின்ன மாத்திரை பெரும்பாலும் ஸ்டீராய்டு. அதைப் போட்டதும் காய்ச்சல் இறங்கும், உடம்பு வலி பறந்துவிடும், மறுநாள் வேலைக்குப் போகலாம். அதனால்தான் அந்தக் கடைக்குக் "கைராசி" என்று பேர் வருகிறது. உள்ளே இருக்கும் நோய் அப்படியேதான் இருக்கும். சர்க்கரை உள்ளவர் என்றால் அந்த ஒரு மாத்திரையிலேயே அளவு எகிறிவிடும்.

காய்ச்சலோடு வருபவருக்கு நான் கொடுப்பது பாரசிட்டமால் மட்டும். பெரியவர்களுக்கு 650 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளில் நாலுக்கு மேல் வேண்டாம். தினமும் குடிப்பவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் அதற்கும் குறைவாக, டாக்டரைக் கேட்டுத்தான் போட வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். கடையில் சளிக்கு என்று விற்கும் பல மாத்திரைகளுக்குள்ளும் பாரசிட்டமால் இருக்கிறது. அதையும் இதையும் சேர்த்துப் போட்டால் தெரியாமலே அளவு இரட்டிப்பாகும்.

குழந்தைக்கு வயதை வைத்து அளவு சொல்லக் கூடாது, எடையை வைத்துத்தான் சொல்ல வேண்டும். சிரப்பில் சொட்டு மருந்து ஒரு வீரியம், பாட்டில் மருந்து வேறு வீரியம். பழைய பாட்டிலின் அளவைப் புதிய பாட்டிலுக்குப் போட்டுவிடாதீர்கள்.

காய்ச்சல் எத்தனை நாள் பொறுக்கலாம்? டெங்கு என்று எப்படித் தெரியும்?

ரெண்டு நாள். மூன்றாவது நாளும் காய்ச்சல் இருந்தால் ரத்தப் பரிசோதனைக்குப் போய்விடுங்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர் என்றால் முதல் நாளே.

டெங்குவில் ஜனங்கள் ஏமாறுவது ஒரே இடத்தில்தான். நாலாம் நாள், ஐந்தாம் நாள் வாக்கில் காய்ச்சல் இறங்கும். "அப்பாடா, விட்டுடுச்சு" என்று பிள்ளையைப் படுக்க வைத்துவிட்டு அம்மா வேலைக்குப் போய்விடுவார். ஆபத்து ஆரம்பிப்பதே அப்போதுதான். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிய ஆரம்பிக்கும் நேரம் அது. காய்ச்சல் இறங்கிய பிறகு தீராத வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிடுதல், பிள்ளை துவண்டு போவது அல்லது காரணமில்லாமல் முரண்டு பிடிப்பது, சிறுநீர் குறைவது, இதில் ஒன்று இருந்தாலும் அந்த நிமிடமே ஆஸ்பத்திரி.

டெங்கு சந்தேகம் இருக்கும்போது டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம். ரத்தக் கசிவை அதிகமாக்கும். செட் மாத்திரைக்குள் இருக்கும் வலி மாத்திரை பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான்.

நிலவேம்புக் குடிநீர் குடிக்கலாமா என்பார்கள். குடியுங்கள். அதைக் குடித்துவிட்டோம் என்று பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். டெங்கு கொசு பகலில் கடிக்கிறது, நல்ல தண்ணீரில் வளர்கிறது. நம் பக்கத்தில் வீட்டு வாசலிலேயே நீல ட்ரம்மும் கலர் கலராகக் குடங்களும் தண்ணீரோடு வரிசையாக நிற்கின்றன. மூடி போடுங்கள். வாரம் ஒரு தடவை ட்ரம்மைக் காலி செய்து உள்பக்கச் சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். கொசு முட்டை அந்தச் சுவரில்தான் ஒட்டியிருக்கும்.

வெள்ளத் தண்ணீரில் நடந்து ஒன்றிரண்டு வாரம் கழித்துக் கெண்டைக்கால் வலியோடும் கண் சிவப்போடும் காய்ச்சல் வந்தால், "தண்ணியில நடந்தேன்" என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எலிக் காய்ச்சலாக இருக்கலாம். வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை என்று மழைக்கு இடுப்பளவு நிற்கும் தெருக்களில் இருக்கும் நமக்கு இது முக்கியம்.

ஊசி போட்டால்தானே சீக்கிரம் சரியாகும்?

இல்லை. சாதாரண வைரஸ் காய்ச்சல் ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் தன் நாள் முடிந்துதான் போகும். வாயால் சாப்பிட முடிகிறவருக்கு மாத்திரை போதும். ஊசி போடாத டாக்டரை "ஒண்ணும் பார்க்கல" என்று சொல்லாதீர்கள்.

இருமல் நிற்கவே இல்லை. நல்ல சிரப் எது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

கடைக்கு வந்த ஆரம்ப வருடங்களில், நாற்பது வயதுக்காரர் ஒருவர் சாயங்காலம் லோடு வேலை முடிந்து வரும்போது இருமல் சிரப் வாங்கிப் போவார். ரெண்டு மாதத்தில் நாலு பாட்டில். எனக்கு அவர் வழக்கமான வாடிக்கையாளர். பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன், காசு வாங்கினேன், ஒரு தடவைகூட எதுவும் கேட்கவில்லை. அப்புறம் ஒருநாள் அவர் மனைவி வந்து சத்து மாவு டின் கேட்டார். "டிபின்னு சொல்லிட்டாங்க தம்பி, ரெண்டு பக்கமும் பாதிச்சிருக்காம். சின்னவளுக்கும் இருக்காம்." அவர் பிழைத்துக்கொண்டார். பிள்ளையும் தேறிவிட்டாள். ஆனால் அவரால் அதற்குப் பிறகு மூட்டை தூக்க முடியவில்லை. "எத்தனை நாளா இருக்கு?" என்று நான் கேட்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

இருமல் ரெண்டு வாரம் தாண்டினால் சிரப் கேட்டு வராதீர்கள். சளிப் பரிசோதனைக்குப் போங்கள். சாயங்காலத்தில் லேசான காய்ச்சல், ராத்திரி வியர்வை, உடம்பு இளைப்பது, சளியில் ரத்தம், இவை கூட இருந்தால் ரெண்டு வாரம்கூட வேண்டாம். மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஓட்டேரியில் நெஞ்சக நோய்க்கென்றே அரசு மருத்துவமனை இருக்கிறது. வழக்கமான டிபிக்கு ஆறு மாதம் மாத்திரை. முதல் மாதம் முடியும் முன்பே உடம்பு தேறிவிடும், பசி எடுக்கும், எடை ஏறும். அங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகித் திரும்பி வரும், அப்போது சிகிச்சை இன்னும் நீளம், இன்னும் கடினம். மாத்திரை ஆரம்பித்ததும் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். அது மருந்தின் நிறம், பயப்பட வேண்டாம். கண் மஞ்சளானாலோ நிற்காமல் வாந்தி வந்தாலோ உடனே போய்ச் சொல்லுங்கள். சாப்பாட்டுக்கென்று அரசு மாதம் 500 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தது, 2024 நவம்பரிலிருந்து அதை 1000 ஆக்கியிருக்கிறார்கள். வங்கிக் கணக்கு விவரத்தை அங்கேயே கேட்டுப் பதிந்துகொள்வார்கள்.

டிபி வந்தவரை வீட்டில் தனியாக ஒதுக்கி வைக்க வேண்டுமா? தட்டு, டம்ளர் தனியா?

ஒற்றை அறை வீட்டில் எங்கே ஒதுக்குவது? இதற்கான பதிலே நம் ஊரில்தான் கிடைத்தது. 1956-இல் சேத்துப்பட்டில் ஆரம்பித்த ஆராய்ச்சி மையத்தில், நெரிசலான வீடுகளில் வாழ்ந்த சென்னை ஏழை நோயாளிகளை வைத்து, சானடோரியத்தில் (டிபி நோயாளிகளைத் தங்க வைக்கும் ஆஸ்பத்திரி) சேர்ப்பது மேலா, வீட்டிலேயே மாத்திரை கொடுப்பது போதுமா என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வீட்டில் இருந்து மாத்திரை சாப்பிட்டவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்குத் தொற்று அதிகமாகவும் இல்லை. 1959-இல் வெளியான அந்த முடிவுக்குப் பிறகுதான் உலகம் முழுக்க டிபி நோயாளிகளை மாதக்கணக்கில் சானடோரியத்தில் வைக்கும் வழக்கம் குறைந்தது.

தட்டும் டம்ளரும் டிபியைப் பரப்பாது. காற்றுதான் பரப்பும். மருந்து ஒழுங்காகப் போனால் சில வாரங்களிலேயே பரவும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். அதுவரை இருமும்போது வாயை மூடுவது, மாஸ்க் போடுவது, ஜன்னலைத் திறந்து வைப்பது. வீட்டில் உள்ள எல்லோரும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பாதிப்பில்லாதவர்களுக்கும் தடுப்பு மாத்திரை தரலாமா என்று அங்கேயே பார்த்துச் சொல்வார்கள். தயவுசெய்து அவரைத் தனியாக உட்கார வைத்துச் சாப்பாடு போடாதீர்கள். நோய் தரும் வேதனையைவிட அது பெரிய வேதனை என்று என்னிடம் கண் கலங்கிச் சொன்னவர்கள் இருக்கிறார்கள்.

இன்ஹேலர் போட்டால் அதுவே பழகிவிடுமாமே?

இந்த ஒரு பயத்தால் மூச்சுத் திணறலோடு நாள் தள்ளுகிறவர்கள் எங்கள் பகுதியில் நிறையப் பேர். மணலி, எண்ணூர் பக்கத்துப் புகையும் சாம்பலும், கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசியும், கொடுங்கையூர் குப்பைமேடு எரியும்போது வரும் புகையும் வீசிங் உள்ளவர்களுக்குச் சும்மா இருக்காது. அப்போதெல்லாம் மாத்திரை கேட்டு வருவார்கள். மாத்திரை வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றித்தான் நுரையீரலுக்குப் போகும். இன்ஹேலர் நேராக நுரையீரலுக்குப் போவதால் ரொம்பக் குறைந்த அளவு மருந்தே போதும். பழகிவிடுவதற்கு அதில் எதுவும் இல்லை. ஆஸ்துமா நீண்ட நாள் நோய், அதனால்தான் நீண்ட நாள் மருந்து.

தினமும் போடுவது ஒன்று, திணறும்போது மட்டும் போடுவது ஒன்று. டாக்டர் ரெண்டு கொடுத்திருந்தால் திணறும்போது போடுவதை மட்டும் வைத்துச் சமாளிக்காதீர்கள். அது வாரத்தில் ரெண்டு நாளுக்கு மேல் தேவைப்பட்டால் நோய் கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம். போட்டு முடித்ததும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லாவிட்டால் வாய்க்குள் வெள்ளை படியும். சரியாகப் போடத் தெரியவில்லை என்றால் கடைக்கு எடுத்து வாருங்கள், செய்து காட்டுகிறேன். இதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை, பாதிப் பேருக்கு மேல் தப்பாகத்தான் போடுகிறார்கள்.

ராத்திரி திடீரென்று கேஸ் வாடை வந்தால் என்ன செய்வது?

2023 டிசம்பர் 26 நள்ளிரவு வாக்கில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தபோது தூக்கத்திலிருந்து எழுந்து ஓடியவர்கள் இதைக் கேட்கிறார்கள். கண் எரிந்து, தொண்டை அடைத்தால் உள்ளேயே கதவைச் சாத்திக்கொள்வதா, ஓடுவதா என்ற குழப்பம் வரும். வாடை வீட்டுக்குள்ளேயே நிறைந்துவிட்டால் வெளியேற வேண்டும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, கசியும் இடத்துக்குப் பக்கவாட்டில் விலகிப் போங்கள். காற்று அடித்துச் செல்லும் திசையிலேயே ஓடினால் வாயுவும் கூடவே வரும். ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் மூடுங்கள். கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரை 15 நிமிடம் விடாமல் ஊற்றிக் கழுவுங்கள். உடுப்பை மாற்றிக் குளியுங்கள். மூச்சு வாங்கினால், குரல் கம்மினால், நெஞ்சு இறுகினால் 108. அப்போதைக்குச் சரியானாலும், குழந்தைக்கும் ஆஸ்துமா உள்ளவருக்கும் அன்றைக்கே ஒரு டாக்டர் பார்க்க வேண்டும்.

பிரஷர் நார்மலாகிவிட்டது. மாத்திரையை நிறுத்தலாமா?

நார்மலானது மாத்திரையால்தான். நிறுத்தினால் ஏறும், ஏறியது உங்களுக்குத் தெரியாது. "எனக்குத் தலை சுத்தல் இல்ல, எனக்குப் பிரஷர் இல்ல" என்பார்கள். 140-க்கு 90 தாண்டியவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஒரு அறிகுறியும் இருக்காது. அளந்து பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிடம் உட்காருங்கள், அரை மணி நேரத்துக்குள் டீயோ பீடியோ வேண்டாம். ஒரு தடவை அளந்து பார்த்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

கையில் காசில்லாததால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். என்னிடம் சொல்லாமல் மறைப்பார்கள். மறைக்காதீர்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021-லிருந்து பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். உங்கள் பேரைப் பதியுங்கள். கூலி போய்விடும் என்று கவலைப்படுகிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு: நகர்ப்புற நலவாழ்வு மையங்களில் சாயங்காலம் 4 முதல் 8 வரையும் பார்க்கிறார்கள்.

சுகர் இருக்கிறது. அரிசியை விட்டுவிட்டு ராகிக் கூழ் குடிக்கலாமா? கருவாடு?

ராகியிலும் மாவுச்சத்துதான். நன்றாகக் கரைத்த கூழ் சோற்றைவிட வேகமாகக்கூட சர்க்கரையை ஏற்றும். ஒரு டம்ளர் குடியுங்கள், ஒரு சொம்பு வேண்டாம். சோற்றை அறவே விட வேண்டியதில்லை. தட்டில் பாதி காய், கால்வாசி மீனோ முட்டையோ சுண்டலோ, மீதிக் கால்வாசி சோறு. காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மத்தியும் காணாங்கெளுத்தியும் விலை குறைவு, உடம்புக்கு நல்லது, குழம்பாக வையுங்கள். கருவாட்டில் உப்பு அதிகம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது, அதாவது ஒரு தேக்கரண்டி, ஊறுகாயும் அப்பளமும் சேர்த்து. பிரஷரும் இருந்தால் கருவாட்டை மாதத்தில் ஒரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சுகர் மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வேலைக்குப் போகாதீர்கள். படபடப்பு, வியர்வை, கை நடுக்கம் வந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, கால் மணி நேரத்தில் ஏதாவது சாப்பிடுங்கள். கடலுக்குப் போகிறவர்கள் சட்டைப் பையில் எப்போதும் நாலு சர்க்கரை மிட்டாய் வைத்திருங்கள்.

காலில் சின்னப் புண் என்றாலும் சுகர் உள்ளவர் அன்றே காட்ட வேண்டும். உணர்ச்சி குறைந்த காலில் வலிக்காது. வலிக்கவில்லை என்பதையே ஆபத்தாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நெஞ்சு எரிகிறது, கேஸ்தான். ஜெலுசில் கொடுங்கள்.

எங்கள் பக்கத்தில் நெஞ்சு வலிக்கு "வாயு" என்றுதான் பேர். கோலி சோடா குடித்து, ஓமம் மென்று, முதுகைத் தட்டிவிடச் சொல்லி விடியும் வரை காத்திருப்பார்கள். என் அப்பாவும் அப்படித்தான் காத்திருந்தார். விடிந்தபோது நேரம் கடந்திருந்தது.

நடுநெஞ்சில் அழுத்தம், அது இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ ஏறுவது, குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்குதல், படியேறினால் அதிகமாவது. இதில் எது இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். பைக்கில் பின்னால் உட்கார வைத்துக் கொண்டுபோகாதீர்கள். பெண்களுக்கும் சுகர் உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் களைப்பாக, குமட்டலாக வரலாம். ஈசிஜி எடுத்து ஒன்றுமில்லை என்றால் நல்லது, ஜெலுசில் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

வாய் கோணுவது, ஒரு கை தூக்க வராதது, பேச்சு குழறுவது பக்கவாதம். கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று குறித்து வைத்துக்கொண்டு போங்கள், அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.

பேதியை நிறுத்த ஒரு மாத்திரை?

நிறுத்துவதைவிடப் போன தண்ணீரைத் திருப்பிக் கொடுப்பதுதான் அவசரம். ஓஆர்எஸ் பொட்டலம் ஒன்றை முழுதாக ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரையுங்கள். பாதிப் பொட்டலம் ஒரு டம்ளர் என்று கண்ணளவில் போடாதீர்கள். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. அட்டைப் பெட்டியில் பழச் சுவையோடு வரும் பானம் ஓஆர்எஸ் இல்லை, சர்க்கரை அதிகம். அவற்றின் மேல் அந்தப் பேரைப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவு போட்டது. குழந்தைக்கு ஜிங்க் மருந்தை 14 நாள் கொடுக்கச் சொல்வார்கள். பேதி நின்ற பிறகும் முழுதாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.

ரத்தம் கலந்து போனால், கஞ்சித் தண்ணீர் மாதிரிப் போனால், கண் குழிவிழுந்து சிறுநீர் நின்றால் வீட்டில் வைக்க வேண்டாம். தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனை இதற்கென்றே இருக்கிறது.

தெருவில் நாலு வீட்டில் ஒரே நேரத்தில் பேதி என்றால் குழாய்த் தண்ணீரில் கழிவுநீர் கலந்திருக்கலாம். அடிபம்பில் அடித்ததும் வரும் முதல் தண்ணீர் வாடை அடிக்கிறதா பாருங்கள். மாநகராட்சிக்கும் குடிநீர் வாரியத்துக்கும் சொல்லுங்கள், அதுவரை தளதளவென்று கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும்.

மாவாவை (பாக்கும் புகையிலையும் கலந்து மெல்லுவது) விட முடியவில்லை. வாய்ப்புண்ணுக்கு மட்டும் மருந்து தாருங்கள்.

வாயை அகலத் திறந்து, உங்கள் மூன்று விரலைச் செங்குத்தாக உள்ளே வைத்துப் பாருங்கள். போகவில்லை என்றால் வாயின் உள்தோல் இறுகிக்கொண்டிருக்கிறது. ரெண்டு மூன்று வாரம் ஆறாத புண், வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, காரம் பட்டால் எரிச்சல், எல்லாம் பார்க்க வேண்டியவை. கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே காட்டுங்கள். விடுவதற்கு உதவி வேண்டுமென்றால் 1800 11 2356, இலவச எண். என் கடையில் ஜெல் வாங்கித் தடவிக்கொண்டு மாவாவைத் தொடர்வதாக இருந்தால் அந்த ஜெல்லை நான் விற்க விரும்பவில்லை.

(கூட்டம் இல்லாத நேரம் பார்த்து அக்காமார்கள் கேட்பது) வெள்ளைப்படுதல், அதிக ரத்தப்போக்கு, களைப்பு. இதற்கெல்லாம் டாக்டரிடம் போக வேண்டுமா?

போக வேண்டும் அக்கா. நிறமும் வாடையும் இல்லாத வெள்ளைப்படுதல் இயல்பு. அரிப்பு, துர்வாடை, தயிர் மாதிரி திரிதிரியாகப் படுவது, அடிவயிற்று வலி இருந்தால் தொற்று. மாதவிலக்கு ஏழு நாளுக்கு மேல் போனாலோ, ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ காட்டுங்கள். மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே. ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம் ஆஸ்பத்திரி பிரசவத்துக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், இதையும் அங்கே பார்ப்பார்கள்.

பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போடாதீர்கள், ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எலுமிச்சைச் சாறு கூட இருந்தால் நன்றாக உறிஞ்சும். மலம் கறுப்பாகப் போகும், அது மாத்திரையால்தான்.

நாப்கினைப் பேப்பரில் சுற்றித் தர வேண்டும் என்று கேட்டால் சுற்றித் தருகிறேன். கேட்காவிட்டால் சுற்ற மாட்டேன்.

நாய் கடித்துவிட்டது / மீன் முள் குத்திவிட்டது. மேலே என்ன தடவலாம்?

நாய் கடிக்கு எதையும் தடவாதீர்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம். குழாயைத் திறந்து வைத்துச் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். அன்றைக்கே ஊசி. அரசு ஆஸ்பத்திரியில் தோலுக்குள் போடும் ஊசி நாலு தவணை: முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாள். கடித்து ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் போட வேண்டும், கேட்டு வாங்குங்கள். வீட்டு நாய்தான், குட்டிதான் என்று விட வேண்டாம். ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்ற மருந்தே இல்லை.

கெளுத்தி முள், திருக்கை முள் குத்தினால் உயிர் போகிற மாதிரி வலிக்கும். பொறுக்கிற சூட்டில் உள்ள வெந்நீரில் கையையோ காலையோ அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் அமிழ்த்தி வையுங்கள். அந்த விஷம் சூட்டில் செயலிழக்கும். குத்துப்பட்ட இடத்தில் சூடு சரியாகத் தெரியாமல் போகலாம், அதனால் சூட்டை மற்ற கையால் பார்த்துக்கொள்ளுங்கள். ஐஸ் வேண்டாம். முள் உள்ளே முறிந்திருக்கலாம், டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசியும் தேவைப்படும். மார்பிலோ வயிற்றிலோ திருக்கை குத்தினால் முள்ளைப் பிடுங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

விலை குறைந்த மாத்திரை என்றால் தரமும் குறைவா?

மாத்திரையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பேர், சின்ன எழுத்தில் இருப்பது மருந்தின் பேர். வேலை செய்வது சின்ன எழுத்து. மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரி 24 அன்று தமிழகம் முழுக்கத் திறந்த முதல்வர் மருந்தகங்களிலும் அதே மருந்து வெகு குறைவான விலையில் கிடைக்கிறது. மாதா மாதம் வாங்க வேண்டிய மாத்திரை என்றால் அங்கே போய் வாங்குங்கள் என்று நானே சொல்லி அனுப்புகிறேன். என் வியாபாரம் குறையட்டும், உங்கள் மாத்திரை நடுவில் நிற்காமல் இருக்கட்டும். வலிப்பு மருந்து, தைராய்டு மருந்து மாதிரிச் சிலவற்றுக்கு மட்டும் கம்பெனியை மாற்றும் முன் டாக்டரைக் கேளுங்கள்.

தூக்கம் வரவில்லை. ஒரே ஒரு மாத்திரை தர முடியுமா?

சீட்டு இல்லாமல் தர மாட்டேன். ஆனால் கேட்டவரை அப்படியே அனுப்பவும் மாட்டேன். எத்தனை நாளாகத் தூக்கமில்லை என்று கேட்டால் சிலர் கணவர் குடியைச் சொல்வார்கள், சிலர் வாரக் கடன்காரர் வாசலில் நிற்பதைச் சொல்வார்கள், சிலர் ஒன்றும் சொல்லாமல் நிற்பார்கள். ரெண்டு வாரமாகத் தூக்கம், பசி, வேலையில் பிடிப்பு எல்லாம் போய்விட்டது என்றால் அதுவும் நோய்தான், அதற்கும் சிகிச்சை உண்டு. மனநல ஆஸ்பத்திரி இருக்கும் கீழ்ப்பாக்கம் என்ற பேரைக் கேட்டாலே கேலி செய்து பழகிவிட்டோம். அந்தக் கேலிக்குப் பயந்து எத்தனையோ பேர் வெளியே சொல்லாமல் இருக்கிறார்கள். 14416-க்குக் கூப்பிட்டால் இரவும் பகலும் தமிழில் பேசுவார்கள், இலவசம். சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். உடனே அந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள், பக்கத்தில் யாரையாவது உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்கு வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

பழைய சீட்டு அல்லது மாத்திரை அட்டை. "அந்த மஞ்ச மாத்திர, வட்டமா இருக்குமே" என்று சொன்னால் எனக்குத் தெரியாது, ஊகித்துக் கொடுக்கவும் மாட்டேன். அட்டையில் பேரும் காலாவதித் தேதியும் இருக்கும் ஓரத்தைக் கடைசியில் வெட்டுங்கள். வேறு என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், எந்த மருந்துக்கு முன்பு தடிப்போ மூச்சுத் திணறலோ வந்தது, கர்ப்பமா, பாலூட்டுகிறீர்களா, இதையெல்லாம் நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். அப்புறம், பிள்ளையை அனுப்பினால் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்: யாருக்கு, என்ன வயது, எத்தனை நாளாக.